வருமான வரியைத் தவணையில் கட்டிக்கொண்டே அமெரிக்காவில் வீட்டுக்கடன்: எந்தக் காகிதம், எங்கே, எப்படி வாங்குவது

அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு வரி பாக்கி இருக்கிறது, மாதாமாதம் தவணை போய்க்கொண்டிருக்கிறது, இந்த நிலைமையில் யார் நமக்கு வீட்டுக்கடன் தருவார்கள் என்று நினைத்து இரண்டு வருடம் வீடு பார்ப்பதையே தள்ளிப்போட்டோம் நாங்கள். கடைசியில் கடன் கிடைத்தது. ஆனால் சரியான காகிதம் கையில் இல்லாததால் கையெழுத்துப் போடும் நாளுக்கு முந்தைய பத்து நாள் வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. அந்தப் பத்து நாள் உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாக்கி எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்கள் பலருக்கு இதே வழியில்தான் வருகிறது. கம்பெனி சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கொடுக்கும் ஆர்எஸ்யு பங்குகள் கைக்கு வரும்போது பெரும்பாலும் 22 சதவீதம்தான் கூட்டாட்சி வரியாகப் பிடிப்பார்கள். கணவன் மனைவி இருவரும் சம்பாதித்து 32 சதவீத அடுக்கில் இருந்தால், 80,000 டாலர் பங்குக்கு 17,600 பிடித்திருப்பார்கள், உண்மையில் கட்டவேண்டியது 25,600. மீதி 8,000 டாலர் ஏப்ரலில் தலையில் வந்து விழும். இரண்டு வருடம் கவனிக்காமல் விட்டால் தவணைத் திட்டம்தான் வழி.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: கடன் கொடுப்பவர் என்ன கேட்பார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் 1040 படிவத்தில் (வருடாந்திர வருமான வரிக் கணக்கு, அதாவது ரிட்டர்ன்) 37-ஆவது வரியில், கட்டவேண்டிய பாக்கி என்ற இடத்தில், தொகை இருந்தால், அதை எப்படிக் கட்டினீர்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும். மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது, ஏனென்றால் 4506-சி என்ற படிவத்தில் உங்களிடம் கையெழுத்து வாங்கி அவர்களே ஐ.ஆர்.எஸ்.ஸிடம் விவரம் கேட்பார்கள். அந்தப் படிவத்தில் உள்ள பெயரும் விலாசமும் கடைசியாகத் தாக்கல் செய்த ரிட்டர்னில் உள்ளது போலவே இருக்கவேண்டும். அப்பா பெயர் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்று ஆவணத்துக்கு ஆவணம் மாறும் நம் வீடுகளில் இதை இரண்டு முறை சரிபார்ப்பது நல்லது.

சாதாரண வீட்டுக்கடன்களில் பெரும்பகுதி, கடன் கொடுப்பவர்களிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேனி மே என்ற நிறுவனத்தின் விதிப்படி நடக்கும். பாக்கி முழுவதையும் கட்டித்தான் ஆகவேண்டும் என்று அந்த விதி சொல்வதில்லை. அது கேட்பது இவ்வளவுதான்: ஐ.ஆர்.எஸ். ஒப்புக்கொண்ட தவணை ஒப்பந்தம், அதில் மாதத் தவணையும் மொத்தப் பாக்கியும் தெரியவேண்டும். தவணை தவறாமல் கட்டி வருகிறீர்கள் என்பதற்குச் சான்று. கடன் முடிவாகும் முன் ஒரு தவணையாவது கட்டியிருக்கவேண்டும். வாங்கப்போகும் வீடு இருக்கும் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) உங்கள் பெயரில் வரி லீன் (வரி பாக்கிக்காக உங்கள் சொத்தின் மேல் அரசு கோரும் உரிமை) பதிவாகியிருக்கக்கூடாது.

எஃப்.ஹெச்.ஏ. கடன் (அரசு காப்பீடு உள்ள வீட்டுக்கடன்) என்றால் கொஞ்சம் கடுமை. குறைந்தது மூன்று மாதத் தவணையை அந்தந்தத் தேதியில் கட்டியிருக்கவேண்டும். மூன்று மாதத் தொகையை ஒரே நாளில் முன்கூட்டிக் கட்டிவிட்டு மூன்று மாதம் ஆகிவிட்டது என்று காட்ட முடியாது.

படி 2: ஒப்பந்தக் கடிதத்தைக் கையில் எடுங்கள்

இங்கேதான் நாங்கள் சறுக்கினோம். 9465 படிவத்தின் நகலையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் கொடுத்தால் போதும் என்று எங்கள் லோன் ஆபீசர் சொன்னார், நாங்களும் நம்பினோம். எல்லாம் முடியப்போகும் நேரத்தில், காகிதங்களைச் சரிபார்த்துக் கடனுக்கு ஒப்புதல் தரும் அண்டர்ரைட்டர் அதைத் திருப்பிவிட்டார். அவர் செய்தது சரிதான். 9465 என்பது தவணை கேட்டு நாம் போடும் விண்ணப்பம், ஐ.ஆர்.எஸ். ஒப்புக்கொண்டதற்கு அது சான்று ஆகாது.

உங்களுக்கு வேண்டியது ஒப்புதல் கடிதம். பெரும்பாலும் 2273-சி என்ற எண் அதில் இருக்கும், வலது பக்க மூலையில் பாருங்கள். வீட்டில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் போங்கள். கணக்கு இல்லாதவர்கள் ஐடி.மீ வழியாக அடையாளத்தை உறுதி செய்து புதிதாகத் திறக்கலாம், ஓட்டுநர் உரிமமோ பாஸ்போர்ட்டோ கையில் இருக்கட்டும். உள்ளே அறிவிப்புகளும் கடிதங்களும் இருக்கும் பகுதியில் தேடுங்கள். தவணைத் திட்டம் பற்றிய பக்கத்தையும் தேதி தெரிகிற மாதிரி பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள், ஆனால் அந்தப் பக்கத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

அங்கேயும் கடிதம் இல்லையா? 800-829-1040 என்ற எண்ணுக்கு, உங்கள் ஊர் நேரப்படி காலை 7 முதல் மாலை 7 வரை, கூப்பிடலாம். "வீட்டுக்கடனுக்காகக் கேட்கிறேன், மாதத் தவணை, மொத்தப் பாக்கி, ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது என்ற மூன்றும் தெரியும்படி ஒரு கடிதம் வேண்டும்" என்று நேராகக் கேளுங்கள். முன்னால் வாங்கிய கடிதத்தின் நகல் என்று மட்டும் கேட்டால் பழைய தொகையோடு வர வாய்ப்பு உண்டு. பேசியவரின் பெயர், அவருடைய அடையாள எண், தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கடிதம் தபாலில் வர நாளாகும், அதனால் வீடு பார்க்கத் தொடங்கும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

படி 3: கட்டி வருகிறீர்கள் என்பதற்குச் சான்று

செக் அனுப்பியோ இணையத்தில் தாங்களாகவே கட்டியோ வருபவர்களுக்கு மாதம் ஒரு நினைவூட்டல் சீட்டு வரும், அதன் எண் சிபி521. கடன் கொடுப்பவர்களுக்கு ரொம்பப் பிடித்த காகிதம் அது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் முறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சீட்டு வராது. அவர்கள் இரண்டைச் சேர்த்துக் கொடுக்கவேண்டும்: தவணை போன பதிவு தெரியும் வங்கி அறிக்கை, அப்புறம் ஐ.ஆர்.எஸ். கணக்கு டிரான்ஸ்கிரிப்ட் (உங்கள் வரிக் கணக்கின் பதிவு நகல்).

டிரான்ஸ்கிரிப்டில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட் என்பது நீங்கள் தாக்கல் செய்ததன் சுருக்கம், அதில் தவணை எதுவும் தெரியாது. உங்களுக்கு வேண்டியது அக்கவுண்ட் டிரான்ஸ்கிரிப்ட். பாக்கி உள்ள ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனியாக இறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டிய தொகைகள் 670 என்ற குறியீட்டோடு தேதிவாரியாக இருக்கும். 582 என்ற குறியீடு கண்ணில் பட்டால் நின்று படியுங்கள், அது லீன்.

படி 4: லீன் உண்டா?

கிரெடிட் ஸ்கோர் நன்றாக இருக்கிறது, அதனால் லீன் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். 2018 ஏப்ரலுக்குப் பிறகு வரி லீன்கள் கிரெடிட் அறிக்கையில் வருவதே இல்லை. வீட்டின் உரிமைப் பதிவுகளைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி தேடும்போதுதான் வெளியே வரும், அப்போது நேரம் இருக்காது. கவுண்டி பதிவேட்டில் முன்பே தேடிப் பாருங்கள். பாக்கி 25,000 டாலர் அல்லது அதற்குக் குறைவாக இருந்து, தானாகப் பணம் எடுக்கும் முறைக்கு மாறி, தொடர்ந்து மூன்று தவணை கட்டியிருந்தால், லீன் அறிவிப்பைத் திரும்பப் பெறச் சொல்லி 12277 படிவம் போட வழி இருக்கிறது. இதற்கு நேரம் எடுக்கும், ஒரு வரி நிபுணரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மாநில வரி பாக்கி இது எதிலும் சேராது. கலிபோர்னியா மாதிரி மாநிலங்களில் அது தனி அலுவலகம், தனி ஒப்பந்தம், தனிக் கடிதம்.

படி 5: தவணை உங்கள் கடனை எவ்வளவு குறைக்கும்

மாதம் 400 டாலர் தவணை என்றால், அதை உங்கள் மாதக் கடன்களோடு சேர்த்துத்தான் வருமானத்தோடு ஒப்பிடுவார்கள். 6.5 சதவீத வட்டியில் 30 வருடக் கடனுக்கு அந்த 400 டாலர் ஏறக்குறைய 63,000 டாலர் கடனுக்குச் சமம். அதனால் பாக்கி 3,000, 4,000 டாலர்தான் என்றால் கட்டி முடித்துவிடுங்கள், இத்தனை காகித வேலையும் மிச்சம். பாக்கி பெரிது, கட்டினால் முன்பணம் காலியாகும் என்றால் தவணையைத் தொடருங்கள்.

படி 6: கொடுக்கும்போது

எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, கடன் கொடுப்பவரின் பாதுகாப்பான தளத்தில் ஏற்றுங்கள், சாதாரண ஈமெயிலில் அனுப்பாதீர்கள். முன்னால் ஒரு சின்ன விளக்கக் கடிதம் வையுங்கள். நாங்கள் எழுதியதின் சாரம் இவ்வளவுதான்: "பங்கு வருமானத்துக்குப் பிடித்த வரி குறைவாக இருந்ததால் இரண்டு ஆண்டுகளுக்குப் பாக்கி ஏற்பட்டது. ஐ.ஆர்.எஸ்.ஸுடன் ஒப்பந்தம் செய்து எல்லாத் தவணைகளையும் உரிய தேதியில் கட்டியிருக்கிறோம். மறுபடி நேராமல் இருக்க டபிள்யூ-4 படிவத்தில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லியிருக்கிறோம்." கதை எழுதவேண்டாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதுவதோடு விடாமல் உண்மையாகவே செய்யுங்கள், டபிள்யூ-4-இல் (சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்கவேண்டும் என்று கம்பெனிக்குக் கொடுக்கும் படிவம்) 4(சி) என்ற இடத்தில் தொகை போட்டால் போதும். ஒப்பந்தம் நடக்கும்போது புதிய வருடத்துக்கும் பாக்கி வைத்தால் ஒப்பந்தமே முறியலாம், சிபி523 என்ற கடிதம் வரும், அது வந்தால் திரட்டிய காகிதம் எதுவும் செல்லாது.

விண்ணப்பம் போட்ட பிறகு வரும் மாதங்களின் தவணையும் கணக்கில் சேரும். கையெழுத்துக்கு முந்தின வாரம் புதிய சான்று கேட்பார்கள். எங்களிடமும் கேட்டார்கள், அந்த மாதத் தவணை போன வங்கி அறிக்கையை அன்று மாலையே ஏற்றிவிட்டோம்.