பால் பைத்தானுக்குக் கூண்டு அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளிகளிலும் வயலோரங்களிலும் வாழும் பால் பைத்தான் (ball python) என்னும் சிறு மலைப்பாம்பு, பகற்பொழுதின் பெரும்பகுதியை எலி வளைகளிலும் பழைய கறையான் புற்றுகளிலும் கழிக்கிறது. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுவிடும். 'பால்' (ball, பந்து) என்ற பெயர் வந்தது அதனால்தான். உடலுக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்க முடியாத பிராணி இது. சூடு தேவைப்பட்டால் சூடான இடத்துக்கு நகரும், போதுமென்றால் குளிர்ந்த பக்கம் திரும்பும். இந்த இரண்டையும் மறைவாக இருந்தபடியே செய்ய முடிந்தால் பாம்பு நன்றாக இரை எடுக்கும். கூண்டு அமைப்பதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வசதியைத்தான் பறிக்கின்றன.

முதல் தவறு கூண்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது: பாம்பை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஹீட்டரைத் தேடுவது. கூண்டை முழுதாக அமைத்து, விளக்கு, ஹீட்டர், தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றோடும் குறைந்தது ஒரு வாரம் வெறுமனே ஓட விடுங்கள். அதிகபட்ச, குறைந்தபட்ச அளவுகளை நினைவில் வைத்திருக்கும் டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்கி, பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, தினமும் குறித்து வாருங்கள். மதியம் 2 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் தெரியும்.

பெரிய கூண்டு பயமுறுத்துமா?

"பெரிய கூண்டில் விட்டால் பாம்பு பயந்து சாப்பிடாது" என்று விற்பவர்கள் பலர் சொல்வார்கள். பாம்பைப் பயமுறுத்துவது கூண்டின் அளவல்ல, அதிலுள்ள வெட்டவெளி. வளர்ந்த பெண் பாம்பு 4 முதல் 5 அடி வரை வரும், ஆண் சற்றுச் சிறியது. உடலை நேராக நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்பதால் 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். குட்டியையும் இதில் விடலாம், தரை முழுக்க ஒளிந்து ஒளிந்து போக வழி இருந்தால். மரப்பட்டை, பிளாஸ்டிக் செடி, 4 அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு என்று எதை வைத்தாலும் சரி. ஒரு மறைவிலிருந்து அடுத்த மறைவுக்குப் போகும் வழியில் பாம்பின் முதுகு அதிகம் வெளியே தெரியக் கூடாது.

நான்கு பக்கமும் கண்ணாடியாக உள்ள மீன்தொட்டி என்றால் மூன்று பக்கங்களை வெளிப்புறமாகக் கறுப்புச் சார்ட் பேப்பரால் மூடிவிடுங்கள். மேலே திறக்கும் தொட்டியைவிட முன்பக்கம் திறக்கும் கூண்டு நல்லது. மேலிருந்து இறங்கும் கை, பாம்புக்குப் பருந்தின் கால்தான்.

தச்சரிடம் பிளைவுட்டில் செய்வித்தால் உட்புறத்துக்கு நீர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பூச்சு கொடுத்து, வாசனை அறவே போகும்வரை காய விடுங்கள். இணைப்புகளை மீன்தொட்டிக்குப் பயன்படும் சிலிக்கானால் அடையுங்கள். குளியலறைச் சிலிக்கானில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும், அது வேண்டாம்.

ஒரே ஒரு மறைவிடம்

மிகவும் பரவலான தவறு இது. மறைவிடம் சூடான பக்கத்தில் மட்டும் இருந்தால், உடல் சூடேறிய பிறகும் பாம்பு வெளியே வராது. பயம் வெப்பத்தை வென்றுவிடும். குளிர்ந்த பக்கத்தில் மட்டும் இருந்தால் செரிமானத்துக்குத் தேவையான சூடு கிடைக்காமல் அங்கேயே கிடக்கும். எனவே பக்கத்துக்கு ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி. உள்ளே சுருண்டால் பாம்பின் உடல் சுவர்களைத் தொட வேண்டும்; அகலமான குகை அதற்கு மறைவே அல்ல. வளர வளர மறைவிடத்தையும் மாற்ற வேண்டும்.

கவிழ்த்து வைத்த மண்சட்டி மலிவானது, நன்றாகவே பயன்படும். விளிம்பில் வாசல் உடைத்து, கூர்மை போகும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். பூந்தொட்டியானால் அடியில் உள்ள தண்ணீர்த் துளையைக் கட்டாயம் அடைத்துவிடுங்கள். தலை நுழையும் துளையில் பாம்பு உடலையும் நுழைக்கப் பார்க்கும். நடுவில் சிக்கினால் செதில்கள் பின்னோக்கி வர விடாது.

வெப்பம்: ஆபத்து அதிகமுள்ள இடம்

சூடான பக்கத்தில் பாம்பு படுக்கும் பரப்பு 32 முதல் 35 டிகிரி, அங்கே காற்று 31 அளவில், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, இரவில் 24-க்குக் குறையாமல். எல்லாம் செல்சியஸ். கூண்டு முழுதும் ஒரே 30 டிகிரியாக இருந்தால் எண் அழகாகத் தெரியும், பாம்புக்கோ போக்கிடம் இருக்காது.

சூட்டைச் சென்சாரால் அளந்து ஹீட்டரைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரையும் இணைக்காதீர்கள். கூண்டின் அடியில் வைக்கும் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) விஷயத்தில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். மேட்டின் மேல் படுகையாக (தரையில் பரப்பும் பொருளாக) 8 செ.மீ. கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், இருந்தால் சூடு மேலே வராது. மேலே வைத்த வெப்பமானி 27 காட்டும்போது அடிக்கண்ணாடி 45-ஐத் தாண்டியிருக்கலாம். சூடு தேடும் பாம்பு தோண்டிக்கொண்டு கீழே போய் அந்தக் கண்ணாடியின் மேலேயே படுக்கும். வயிற்றுச் செதில் வெந்து புண்ணாகும்வரை விலகாமல் கிடக்கும் பாம்புகள் உண்டு. ஆழமான படுகை வேண்டுமென்றால் சூட்டை மேலிருந்து கொடுங்கள். மின்சாரத்தில் சூடாகும் செயற்கைச் சூடுகல்லை வாங்கவே வேண்டாம்.

செராமிக் ஹீட்டரோ (ஒளி இல்லாமல் சூடு மட்டும் தருவது) பல்போ கூண்டுக்குள் இருந்தால் சுற்றிலும் கம்பிக் கூடு அவசியம். பாம்பு ஏறிச் சுற்றிக்கொள்ளும். செராமிக் ஹீட்டருக்குச் சாதாரண ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட் போதும், பல்புக்கு ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வகை வேண்டும். இரவில் சிவப்பு, நீல பல்பு எரிய விடாதீர்கள். இரவில் நடமாடும் பிராணிக்கு இருட்டு இருட்டாகவே இருக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் வாங்கியவர்களும் தவறுவது சென்சாரில். சூடான இடத்தில், பாம்பின் முதுகு உயரத்தில், அசையாதபடி கிளிப்பாலோ கம்பிக்கட்டாலோ அதைப் பொருத்துங்கள். பாம்பு அதை இழுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டால் தெர்மோஸ்டாட் தண்ணீரின் 25 டிகிரியைப் படித்து, "இன்னும் சூடு போதவில்லை" என்று ஹீட்டரை ஓட விட்டுக்கொண்டே இருக்கும். தனி வெப்பமானி வேண்டும் என்பது இதற்காகத்தான். செலோ டேப்பால் ஒட்டுவதும் வேண்டாம். டேப் செதிலில் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல், தேங்காயெண்ணெய் தடவி ஊற வைத்து மெதுவாக எடுக்க வேண்டும்.

சென்னை, மதுரை போன்ற ஊர்களில் ஏப்ரல், மே மாதங்களில் பிரச்சினை தலைகீழாகிவிடும். அறையே 35-ஐத் தாண்டும்போது தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைக்கத்தான் முடியும், குளிர்விக்க முடியாது. குளிர்ந்த பக்கம் 32-க்கு மேல் நீடித்தால் அறையையே குளிர்விக்க வேண்டும். மாடி வெயில் இறங்கும் அறையைத் தவிர்த்து, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், ஜன்னல் வெயில் படாத சுவரோரம் கூண்டை வையுங்கள். கரண்ட் போனால், உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் குளிர்ந்த பக்கத்துச் சுவருக்கு வெளியே சாய்த்து வைப்பது சில மணி நேரம் தாங்கும்.

ஈரப்பதம்: "எங்கள் ஊரில் தானாகவே இருக்கும்"

தேவை 60 முதல் 80 சதவீதம். கடற்கரை ஊர்க்காரர்கள் இதை அலட்சியம் செய்கிறார்கள். 26 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 32 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய 50 சதவீதமாகிவிடும். நீர் குறையவில்லை, சூடான காற்று கொள்ளும் அளவு கூடிவிட்டது. ஏசி அறையானால் இன்னும் குறையும். மேல்மூடி முழுக்க வலையாக இருந்தால் உள்ளே எதுவும் நிற்காது. ஹீட்டர் உள்ள பகுதியை விட்டு முக்கால் பங்கை அக்ரிலிக் தகட்டால் மூடுங்கள்.

அடுத்த தவறு, எண் குறைந்ததும் ஸ்ப்ரே பாட்டிலை எடுப்பது. தெளித்த நீர் அரை மணியில் ஆவியாகிவிடும். தொடர்ந்து தெளித்தால் மேற்பரப்பு எப்போதும் நனைந்திருந்து, வயிற்றுச் செதில்கள் பழுப்பாகி அழுகத் தொடங்கும். மேலே உலர்வு, அடியில் ஈரம்: இதுதான் சரி. 8 செ.மீ. படுகை போட்டு, நான்கு மூலைகளிலும் மொத்தம் ஒரு லிட்டர் அளவு நீரை அடியில் இறங்கும்படி ஊற்றுங்கள். மேற்பரப்பு கைக்கு உலர்வாக இருக்க வேண்டும். அடுத்து எப்போது ஊற்றுவது என்பதை ஈரமானி சொல்லும். ஊசி சுழலும் ஒட்டுமானிகளை நம்ப வேண்டாம், டிஜிட்டல் வாங்குங்கள்.

படுகைக்கு நம் ஊரில் நல்ல பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 5 கிலோ கோகோபீட் கட்டி ஒன்று ஊறினால் 60 லிட்டருக்குக் குறையாது. 4க்கு 2 அடித் தரைக்கு அது போதும். உப்பு நீக்கியதாக, உரம் கலக்காததாகப் பார்த்து வாங்கி, ஒருமுறை அலசிப் பிழியுங்கள். தனியாகப் போட்டால் உலர்ந்ததும் தூசி பறக்கும், தேங்காய் மட்டைத் துண்டுகளோடு பாதிக்குப் பாதி கலந்தால் அடங்கும். மணல், தேவதாரு, பைன் மரச்சீவல் வேண்டாம். புதுப் பாம்புக்கு மட்டும் முதல் சில வாரங்கள் வெள்ளைக் காகிதம் விரியுங்கள். பாம்பு உண்ணி இருந்தால் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்துவிடும். காகிதம் ஈரம் தேக்காது என்பதால், அந்த நாட்களில் ஒரு மறைவிடத்துக்குள் ஈரப்பாசி வையுங்கள்.

சட்டை துண்டு துண்டாக உரிந்தால் ஈரம் போதவில்லை என்று பொருள். கண்ணின் மேல் ஒட்டி நிற்கும் தோலை நகத்தால் எடுக்கவே கூடாது.

சிறியவைபோலத் தெரிந்தாலும்

பூட்டு இல்லாத சறுக்குக் கண்ணாடியைப் பாம்பு மூக்காலேயே தள்ளித் திறந்துவிடும். ஒரு கூண்டில் இரண்டு பாம்புகளை விடாதீர்கள். ஒட்டிப் படுப்பது நட்பல்ல, ஒரே நல்ல இடத்துக்கான போட்டி. எறும்பு வந்தால் சாக்பீஸ் மருந்து கோடு போடாதீர்கள், கூண்டு நிற்கும் மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வையுங்கள். கொசுவிரட்டிச் சுருள், கரப்பான் ஸ்ப்ரே, பாச்சை உருண்டை எதுவும் அந்த அறைக்குள் வேண்டாம்.

சட்டத்தையும் கூண்டு வாங்கும் முன்பே பாருங்கள். இந்தியாவில் 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பால் பைத்தானைப் பரிவேஷ் (PARIVESH) என்ற மத்திய அரசின் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூரில் பாம்பு வளர்க்கவே அனுமதியில்லை.

வந்த பாம்பை ஒரு வாரம் தொடாமல் விட்டு, பிறகு முதல் இரை கொடுங்கள். மறுத்தால் அடுத்த நாளே திரும்ப நீட்டாதீர்கள். அந்த வாரத்தில் சூடான மறைவிடத்தின் தரையை அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து, மறைவிடம் உடலைத் தொடுகிறதா என்று பார்த்து, கூண்டின் முன்கண்ணாடிக்கு ஒரு துணியைத் தொங்கவிட்டு, ஏழு நாள் கழித்து மாலை விளக்கு அணைந்த பின் மீண்டும் கொடுங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.