ஆர்மி–நேவி ஆட்டம்: முதல் முறை பார்க்கப் போகிறவர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் பாயின்ட்டில் இருப்பது அமெரிக்கத் தரைப்படைக் கல்லூரி. மேரிலாந்தின் அனாபொலிஸில் இருப்பது கடற்படைக் கல்லூரி. இரண்டும் ஆண்டுக்கு ஒரு முறை அமெரிக்கன் ஃபுட்பாலில் மோதிக்கொள்ளும். 1890 நவம்பர் 29 அன்று வெஸ்ட் பாயின்ட் அணிவகுப்புத் திடலில் நடந்த முதல் ஆட்டத்தில் நேவி 24-0 என்று வென்றது. களத்தில் நிற்கும் பையன்கள் படிப்பு முடிந்ததும் படை அதிகாரிகளாகக் குறைந்தது 5 ஆண்டு பணியாற்ற வேண்டியவர்கள். எதிரெதிரே முட்டிக்கொள்ளும் இருவர் நாளை ஒரே போர்முனையில் நிற்கக்கூடும். அரங்கில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு சடங்குக்கும் அடியில் இருப்பது இதுதான்.

தயாரிப்பு இல்லாமல் பார்க்க உட்காருபவர்கள் அரை மணி நேரத்தில் சலித்துப்போவது வழக்கம். “ஓடுகிறார்கள், விழுகிறார்கள், பந்தை எறியவே மாட்டேன் என்கிறார்களே” என்பார்கள். கீழே உள்ளபடி இரண்டு மணி நேரம் செலவிட்டால் அந்தச் சலிப்பு வராது.

படி 1: நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

2009 முதல் இந்த ஆட்டம் டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமையை ஒட்டியே வருகிறது. மற்றக் கல்லூரிகளின் கான்ஃபரன்ஸ் (பல கல்லூரிகள் சேர்ந்த லீக்) இறுதியாட்டங்கள் முந்தைய வாரமே முடிந்துவிடும். வழக்கமான தொடக்க நேரம் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி பிற்பகல் 3 மணி. அது இந்தியாவிலும் இலங்கையிலும் ஞாயிறு அதிகாலை 1.30, சிங்கப்பூரில் அதிகாலை 4, லண்டனில் சனி இரவு 8. இந்தியாவில் இருப்பவர்கள் பலர் “சனிக்கிழமை ஆட்டம்” என்று குறித்துவைத்துக்கொண்டு, முந்தைய நாள் அதிகாலையில் அலாரம் வைத்து ஏமாறுகிறார்கள். அலாரத்தை ஞாயிறு 1.15க்கு வையுங்கள்.

ஊர் மாறிக்கொண்டே இருக்கும். அதிகமாக நடந்தது ஃபிலடெல்ஃபியாவில், ஏனென்றால் அது இரண்டு கல்லூரிகளுக்கும் நடுவில் விழும் பெரிய நகரம். 2023இல் பாஸ்டனை அடுத்த ஃபாக்ஸ்பரோ, 2024இல் வாஷிங்டனை அடுத்த லேண்டோவர். 2020இல் மட்டும் கொரோனா காரணமாக வெஸ்ட் பாயின்ட்டின் மைக்கி ஸ்டேடியத்திலேயே நடத்தினார்கள்.

படி 2: ஒரு பக்கம் சேருங்கள்

நடுநிலையாகப் பார்த்தால் பாதி சுவைதான். படையில் உறவினர் யாராவது இருந்தால் முடிவு எளிது. இல்லாவிட்டால் எந்த ஊர் அருகில் இருக்கிறதோ அந்தப் பக்கம் சேருங்கள். ஆர்மிக்கு நிறம் கறுப்பும் பொன்னிறமும், சின்னம் கோவேறு கழுதை. நேவிக்குக் கருநீலமும் பொன்னிறமும், சின்னம் ‘பில்’ என்ற வெள்ளாட்டுக் கிடா. பொன்னிறம் இரு தரப்புக்கும் பொது. டிசம்பர் மாலை வெளிச்சத்தில் கருநீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசமே தெரியாது. கடையில் கறுப்பு என்று நினைத்துக் கருநீலச் சட்டையை எடுத்துக்கொண்டு ஆர்மி கூட்டத்தின் நடுவில் போய் உட்காருபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. பெரிய எழுத்தில் அணியின் பெயர் உள்ள தொப்பியை வாங்குவது நல்லது.

வாழ்த்துச் சொல் ஒன்றுதான்: “கோ ஆர்மி, பீட் நேவி” அல்லது “கோ நேவி, பீட் ஆர்மி”. இரண்டு பாதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

படி 3: இந்த அளவுக்கு விதி தெரிந்தால் போதும்

ஒரு பக்கம் 11 பேர். 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள், அவற்றின் பெயர் டவுன். அந்த நான்குக்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி 4 டவுன் கிடைக்கும். எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் உதைத்தால் 1, ஓடியோ எறிந்தோ உள்ளே போனால் 2. தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்ட் கோல், 3.

இன்னொன்று சேஃப்டி. பந்து வைத்திருப்பவர் தன் பக்கத்து எல்லைப் பகுதிக்குள்ளேயே மடக்கப்பட்டால் எதிரணிக்கு 2 புள்ளி. அரிதாக வரும் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2023இல் நேவியை எல்லைக் கோட்டருகே தடுத்து நிறுத்திய ஆர்மி, மிச்சமிருந்த சில நொடிகளை ஓட்டிவிட வேண்டுமென்றே சேஃப்டி கொடுத்து 17-11 என்று முடித்தது. விதி தெரியாதவர்களுக்கு அந்தக் கடைசிக் காட்சி புரிந்திருக்காது.

படி 4: ட்ரிபிள் ஆப்ஷனைப் படியுங்கள்

நேரத்தின் பெரும்பகுதியை இதற்கே கொடுங்கள். 140 கிலோ எடையுள்ள தடுப்பாளர்களைத் திரட்டுவது படைக் கல்லூரிகளுக்கு எளிதல்ல. படையின் உடல்தகுதி விதிகள் ஒரு பக்கம், பட்டம் முடித்ததும் பணிக்குப் போக வேண்டிய கட்டாயம் இன்னொரு பக்கம். எதிரணியின் பெரிய ஆட்கள் எல்லோரையும் தடுக்க முடியாதபோது, இருவரைத் தடுக்காமலே விட்டுவிட்டு, அவர்கள் எதைத் தேர்ந்தாலும் தவறாகப் போகும்படி செய்வது ட்ரிபிள் ஆப்ஷன் என்ற இந்த ஓட்ட முறை.

நடப்பது இதுதான். குவார்ட்டர்பேக் (தாக்கும் அணியை நடத்துபவர்) பந்தை வாங்கியதும், நேராக முன்னால் பாயும் ஃபுல்பேக்கின் வயிற்றில் அதை வைப்பார். ஆனால் கையை எடுக்க மாட்டார். அந்த ஒரு கணம் அவர் கண் இருப்பது, வேண்டுமென்றே தடுக்காமல் விட்ட டிஃபென்சிவ் எண்ட் மேல், அதாவது எதிரணி முன்வரிசையின் ஓரத்தில் நிற்பவர் மேல். அந்த ஆள் வெளியிலேயே நின்றால் பந்து ஃபுல்பேக்குக்கு. அவர் ஃபுல்பேக் மேல் பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு ஓரமாக ஓடுவார். அங்கே தடுக்கப்படாத இரண்டாவது ஆள் காத்திருப்பார். அவர் குவார்ட்டர்பேக்கை நோக்கி வந்தால், பக்கவாட்டில் கூடவே ஓடிவரும் ஸ்லாட்பேக்குக்குப் பந்தைத் தட்டிவிடுவார். வராவிட்டால் தானே ஓடுவார்.

புதியவர்கள் செய்யும் தவறு பந்தைத் தேடுவது. பந்தை மறைப்பதற்கென்றே உருவான முறை இது, தொலைக்காட்சிக் கேமராவே சில நேரம் ஏமாறும். பார்வையை இப்படிப் பழக்குங்கள்: பந்து கைமாறும் முன்பே ஃபுல்பேக்கைப் பாருங்கள், அடுத்த நொடி தடுக்கப்படாத அந்த எண்டைப் பாருங்கள். அவர் உள்ளே போகிறாரா, வெளியே நிற்கிறாரா என்று தெரிந்துவிட்டால் பந்து எங்கே என்று உங்களுக்கே தெரிந்துவிடும். முந்தைய ஆண்டு ஆட்டத்தின் பதிவில் 20 நகர்வுகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பத்தாவதுக்குள் கண் பழகிவிடும்.

இது எங்கே சறுக்கும் என்பதையும் கவனியுங்கள். ஃபுல்பேக்கின் வயிற்றில் பந்து இருக்கும் அந்த அரைக்கணத்தில் இருவரும் இழுத்தால் பந்து தரையில் விழும். ஓரத்தில் அவசரமாகத் தட்டினாலும் அப்படியே. இன்னொரு ஆபத்து பெனால்டி. ஒரு நகர்வுக்கு 3, 4 கெஜம் சேர்க்கும் அணிக்கு 10 கெஜ அபராதம் விழுந்தால், பந்து கையில் இருக்கும் அந்த நகர்வு வரிசையே பாழ். இதனால்தான் 3 டவுனில் 9 கெஜம் வந்துவிட்டால் நாலாவதில் பந்தைத் தூர உதைத்து எதிரணிக்குக் கொடுக்காமல் துணிந்து ஓடுகிறார்கள். மாதிரிக்கு ஒரு கணக்கு: 75 கெஜத்தை நாலு நாலாகக் கடக்க 19 நகர்வு வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இடையில் 40 நொடி வரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கால்பகுதியில் முக்கால்வாசி போய்விடும். 2004இல் நியூ மெக்சிகோவுக்கு எதிரான பௌல் ஆட்டத்தில் (பருவ முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டம்) நேவி ஒரே வரிசையில் 26 நகர்வுகள் செய்து 14 நிமிடம் 26 நொடி பந்தை வைத்திருந்தது!

எறிவது அபூர்வம் என்பதால் எறியும்போது அது கொல்லும். முப்பது முறை ஓட்டத்தைப் பார்த்துப் பின்காவலர் முன்னால் ஓடிவரப் பழகியிருப்பார். அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் தனியாக ஓடுவார். பின்காவலர் எவ்வளவு முன்னேறி நிற்கிறார் என்று அவ்வப்போது பாருங்கள். எறிதல் வரப்போவது சில நேரம் முன்கூட்டியே தெரியும்.

2022இல் விதி மாறி, ஓரப் பகுதியில் இடுப்புக்குக் கீழே தடுப்பது தடைசெய்யப்பட்டது. ஓர ஓட்டங்களுக்கு அது பெரிய அடி. 2023இல் ஆர்மி, குவார்ட்டர்பேக் சில கெஜம் பின்னால் நிற்கும் ஷாட்கன் அமைப்புக்கு மாறிப் பார்த்தது, 2024இல் பழைய முறைக்குத் திரும்பியது. அந்த ஆண்டே தன் கான்ஃபரன்ஸ் பட்டத்தையும் வென்றது. ஆனால் அடுத்த வாரம் நேவியிடம் 13-31 என்று தோற்றது. இந்த ஆட்டத்துக்கு முன்னால் பட்டமெல்லாம் செல்லாது.

இரு அணியினரும் தினமும் தங்களுக்குள் இதே ஓட்ட முறையைத் தடுத்துப் பழகுகிறவர்கள். அதனால் புள்ளிகள் குறைவாகவே வரும்: 2017இல் 14-13, 2018இல் 17-10, 2021இல் 17-13. 2022இல் சமநிலையில் முடிந்து, இந்த மோதலின் வரலாற்றிலேயே முதல் முறையாகக் கூடுதல் நேரத்துக்குப் போனது. ஆர்மி 20-17 என்று வென்றது. 7 புள்ளி முன்னிலையை இங்கே பெரிய முன்னிலையாக நினைக்கப் பழகுங்கள்.

படி 5: ஒரு தாள், ஒரு பென்சில்

தாளில் நான்கு பத்தி போடுங்கள்: டவுன், மிச்ச கெஜம், யார் ஓடினார், கிடைத்த கெஜம். மூன்றாவது பத்தியில் ஃபுல்பேக்குக்கு ‘ஃ’, குவார்ட்டர்பேக்குக்கு ‘கு’, தட்டிவிட்டதற்கு ‘த’, எறிந்ததற்கு ‘எ’. இரண்டாம் கால்பகுதிக்குள் எதிரணி எதை விட்டுக்கொடுக்கிறது என்று வரிசையே காட்டிவிடும். ‘ஃ’ தொடர்ந்து 5 கெஜம் எடுத்தால் எண்ட் வெளியிலேயே நிற்கிறார் என்று பொருள். இடைவேளைக்குப் பிறகு அவர் உள்ளே வருவார், அப்போது ‘கு’வும் ‘த’வும் கூடும். பேனா வேண்டாம், குளிரில் மை உறையும்.

படி 6: நேரில் போவதானால்

டிக்கெட்டை இரு கல்லூரிகளும் தங்கள் பங்காகப் பிரித்து விற்கின்றன. மறுவிற்பனையில் வாங்குபவர்கள், இருக்கை எந்தப் பங்கைச் சேர்ந்தது என்று அரங்க வரைபடத்தில் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

பை ஒளிபுகும் பிளாஸ்டிக்கில், 12 அங்குல உயரம், 12 அங்குல அகலம், 6 அங்குலத் தடிமனுக்குள் இருக்க வேண்டும். தோள்பையோடு போனால் வாசலிலிருந்து கார் வரை திரும்ப நடக்க வேண்டும்.

குளிரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஃபிலடெல்ஃபியாவில் அந்த வாரம் சுமார் 4.40க்கே சூரியன் மறைந்துவிடும், அதாவது இரண்டாம் பாதி முழுக்க இருட்டில். உள்ளே தெர்மல், அதன்மேல் கம்பளி, அதற்குமேல் காற்றுப் புகாத கோட். பருத்திச் சட்டையை உடம்போடு ஒட்டிப் போட்டால் வேர்வை நனைத்துக் குளிரை இழுக்கும். உட்கார்ந்திருப்பவர்களை வாட்டுவது கான்கிரீட் தரை. ஒரு அட்டைப்பெட்டியைத் தட்டையாக மடித்து எடுத்துப்போய்க் காலுக்கடியில் போடுங்கள், காலுறை இரண்டு போடுவதைவிட அது பலன் தரும். டிக்கெட் செல்போனில் இருப்பதால் அதைக் கோட்டின் உள்பையில் வையுங்கள். வெளிப்பையில் குளிர்ந்தால் பேட்டரி சட்டென்று இறங்கி வாசலில் கைவிடும்.

அமெரிக்க அதிபர் வரும் ஆண்டுகளில் சோதனை வரிசை மிக நீளம். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: நண்பகலுக்குள் இருக்கையில் இருங்கள்

மூன்று மணிக்குத்தானே என்று இரண்டரைக்குப் போனால் பெரியதை இழப்பீர்கள். அதற்கு வெகு முன்பே ‘மார்ச் ஆன்’ நடக்கும். ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் ஆயிரக்கணக்கான மாணவர்கள், பெருங்கோட்டும் தொப்பியுமாக, அணி அணியாகக் களத்தில் நடந்து நிற்பார்கள். ஆர்மி மாணவர்களைக் கேடட் என்றும் நேவி மாணவர்களை மிட்ஷிப்மேன் என்றும் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் பக்கத்து இருக்கைக்காரர் திருத்துவார்.

அடுத்தது ‘கைதிப் பரிமாற்றம்’. ஒரு பருவம் எதிர்க் கல்லூரியில் படிக்கப் போன சில மாணவர்களை, நடுக்களத்தில் அவரவர் கூட்டத்திடம் திருப்பி ஒப்படைப்பார்கள். அவர்கள் சொந்தக் கூட்டத்தோடு போய்ச் சேரும்போது எழும் சத்தத்துக்காகவே சிலர் வருகிறார்கள். பிறகு பாராசூட் வீரர்கள், வானில் போர் விமானங்கள். தேசிய கீதத்தின்போது தொப்பியைக் கழற்றி எழுந்து நில்லுங்கள்.

சீருடையையும் பாருங்கள். இந்த ஆட்டத்துக்கென்றே ஒவ்வோர் ஆண்டும் தனி வடிவம் வரும், பெரும்பாலும் ஒரு படைப்பிரிவின் நினைவாக. 2017இல் ஆர்மி 10ஆவது மலைப் பிரிவின் நினைவாக முழு வெள்ளையில் வந்தது, அன்றைக்கென்று பனியும் கொட்டியது.

படி 8: கடிகாரம் பூஜ்யம் ஆனதும் எழுந்து ஓடாதீர்கள்

முதல் முறை வருபவர்கள் தவறவிடுவது இதைத்தான். ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் சேர்ந்து, தோற்ற கல்லூரியின் மாணவர் பகுதிக்கு முன்னால் போய் நிற்கும். அந்தக் கல்லூரியின் பாடல் முதலில் பாடப்படும். பிறகு எல்லோரும் களத்தைக் கடந்து மறுபக்கம் போய், வென்ற கல்லூரியின் பாடலைப் பாடுவார்கள். ஆர்மியின் பாடல் ‘அல்மா மேட்டர்’, நேவியுடையது ‘ப்ளூ அண்ட் கோல்ட்’. “இரண்டாவதாகப் பாடுவது” என்றாலே இந்த உலகில் வெற்றி என்று அர்த்தம். இரு பாடலுக்கும் எழுந்து நிற்க வேண்டும், தொப்பியைக் கையில் எடுக்க வேண்டும். முதல் பாடலின்போது கத்துவதும் கொண்டாடுவதும் மிகப் பெரிய அவமரியாதை. தோற்ற அணியின் நான்காமாண்டு மாணவர்கள் அழுதுகொண்டே பாடுவதைப் பார்க்கும்போது, அவர்களில் பலருக்கு இதுதான் வாழ்வின் கடைசி ஃபுட்பால் நாள்களில் ஒன்று என்பது நினைவில் இருக்கட்டும்.

அமெரிக்க விமானப்படைக் கல்லூரியையும் சேர்த்து, மூன்று கல்லூரிகளுக்கு இடையே 1972 முதல் ‘கமாண்டர் இன் சீஃப்’ கோப்பை உண்டு. இரண்டு பேரையும் வென்றவருக்குக் கோப்பை. மூவரும் ஆளுக்கு ஒன்று வென்றால், முந்தைய ஆண்டு வைத்திருந்தவரிடமே அது தங்கும். அந்தச் சூழலில் இந்த ஒரு ஆட்டம் மூன்று கல்லூரிகளுக்கும் முடிவு சொல்லும், எனவே வருவதற்கு முன் விமானப்படையுடனான இரு முடிவுகளையும் தாளின் மேல் எழுதிவையுங்கள்.

பாடல்கள் முடிந்தபின் வாசலில் நெரிசல் உச்சத்தில் இருக்கும். ஃபிலடெல்ஃபியாவில் என்றால் பிராட் ஸ்ட்ரீட் லைன் சுரங்க ரயில் நிலையத்துக்கு உடனே நடக்காமல், அரை மணி நேரம் இருக்கையிலேயே இருந்து தாளைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.