குரூஸ் கம்பெனிகளை ஒப்பிடும்போது நான் செய்த தவறுகள், நீங்களும் செய்யப்போகிற தவறுகள்

கடந்த இரண்டு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: “எந்த குரூஸ் கம்பெனி நல்ல கம்பெனி?” மூவரிடமும் ஒரு எக்செல் அட்டவணை இருந்தது. இடப்பக்கம் கம்பெனிப் பெயர்கள், மேலே விலை, சேவை, சூழல் என்று தலைப்புகள், கட்டங்களுக்குள் நட்சத்திரங்கள். பார்த்ததும் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நான் போட்ட அட்டவணையும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது. அதை நம்பிக் கட்டிய பணம் கடலில் கரைத்த பெருங்காயம்.

பாஸ்போர்ட் காலாவதி, கப்பல் கிளம்பும் நாளன்றே விமானத்தில் போய் இறங்குவது, குமட்டலுக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளாதது இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. உங்கள் டிராவல் ஏஜென்டே சொல்வார். ஒப்பிடுவதில் வருகிற தவறுகளை மட்டும் பேசலாம்.

கம்பெனியை ஒப்பிட்டுவிட்டு, கப்பலைப் பார்க்காமல் விடுவது

இது ஒன்றுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருகிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒரு கம்பெனியின் கப்பலில் பத்து இரவு போய்விட்டு வந்து வானளாவப் புகழ்ந்தார். அமைதி, விசாலம், பணியாளர்கள் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், இப்படி. நானும் அட்டவணையில் அந்தக் கம்பெனிக்கு ஐந்து நட்சத்திரம் போட்டேன். அதே கம்பெனியில் நான்கு இரவுப் பயணம் ஒன்று மலிவாக வந்தது. உடனே பதிவு செய்துவிட்டேன். அவர் போனது அப்போதுதான் கடலில் இறங்கியிருந்த புதுக் கப்பல், பள்ளிகள் திறந்திருந்த மாதம். எனக்குக் கிடைத்தது அந்தக் கம்பெனியிலேயே மிகப் பழைய கப்பல்களில் ஒன்று, அதுவும் விடுமுறை வாரத்தில். ஒரு லிஃப்ட் நான்கு நாளும் ஓடவில்லை. நீச்சல்குளத்து நாற்காலிகளில் காலை ஏழு மணிக்கே துண்டுகள் விரிந்து கிடந்தன, ஆட்களைத்தான் காணோம். என் அறைக்கு நேர் மேலே நடன அரங்கு. இரவு ஒன்றரை மணி வரை கட்டில் அதிர்ந்தது. மேசைப் பணியாளர் பாவம், நல்ல மனிதர். எங்கள் பெயர் அவருக்குப் பழகிய அன்று நாங்கள் இறங்கிவிட்டோம்.

யாரும் என்னை ஏமாற்றவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். ரசீதில் கப்பலின் பெயர் தெளிவாக அச்சாகியிருந்தது. அதைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை.

ஒரே கம்பெனிக்குள் கப்பலுக்குக் கப்பல் எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்பதற்கு ராயல் கரீபியனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1996-இல் வந்த கிராண்டியர் ஆஃப் தி சீஸ் ஏறத்தாழ 74,000 டன். 2024-இல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663 டன். மூன்று மடங்குக்கும் மேல். ஐகானில் நீர்ச்சறுக்குப் பூங்காவும் பனிச்சறுக்குத் தளமும் உண்டு, கிராண்டியரில் இரண்டுமே கிடையாது. கார்னிவலிலும் இதே கதைதான். மார்டி க்ரா கப்பலின் மேல்தளத்தில் ரோலர் கோஸ்டரே ஓடுகிறது. 1998-இல் வந்த எலேஷனில் ஏறிவிட்டு அதைத் தேடினால் கிடைக்குமா? “ராயல் கரீபியன் எப்படி?” என்று கேட்பது, ஒரு ஊரைச் சொல்லி அங்கே வீடு எப்படி என்று கேட்பது மாதிரி.

இந்த டன் கணக்கைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் நல்லது. கப்பலுக்குச் சொல்லும் கிராஸ் டன் என்பது எடையே அல்ல. கப்பலுக்குள் எவ்வளவு கொள்ளளவு இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு இடம் என்று ஓரளவு பிடிபடும். ஐகானில் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் 5,610 பேர், வகுத்தால் 44. குனார்டின் குவீன் மேரி 2 கடலுக்கு வந்தது 2004-இல். 1,49,215 டன், 2,691 பேர், வகுத்தால் 55. இருபது வருடம் மூத்த கப்பலில் கால் நீட்ட இடம் அதிகம்! ரீஜன்ட்டின் செவன் சீஸ் எக்ஸ்புளோரர் மாதிரிச் சிறிய ஆடம்பரக் கப்பல்களில் இந்த எண் 70-ஐத் தாண்டும். ஆகவே புதுசு என்றால் விசாலம் என்று நினைத்துவிட வேண்டாம்.

அப்புறம், அந்த 44-கூட எப்போதும் 44 இல்லை. ஐகானில் அதிகபட்சம் ஏறக்கூடியவர்கள் சுமார் 7,600 பேர். இழுத்தால் கட்டிலாகிற சோபா, கூரையிலிருந்து இறங்குகிற கட்டில் எல்லாம் பள்ளி விடுமுறையில் நிரம்பும்போது அதே கப்பலில் கணக்கு 33-க்கு இறங்கிவிடும். கப்பல் கம்பெனிகளின் நிதி அறிக்கையில் 100 சதவீதத்துக்கு மேல் நிரம்பியதாக வருவது இதனால்தான். அறைக்கு இரண்டு பேர் என்பதையே அவர்கள் 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது, நான்காவது ஆள் ஏறினால் எண் நூறைத் தாண்டுகிறது.

இரவுகளின் எண்ணிக்கையும் கூட்டத்தின் குணத்தை மாற்றிவிடும். மூன்று, நான்கு இரவுப் பயணங்களில் வார இறுதிக் கொண்டாட்டத்துக்கு வருகிறவர்கள் அதிகம். பதினான்கைத் தாண்டினால் பணி ஓய்வு பெற்றவர்கள்தான் பெரும்பாலும். கப்பல் அதேதான், பணியாளர்களும் அவர்களேதான், ஆனால் இரண்டும் வேறு உலகம்.

சுத்தத்துக்கும் கப்பல்வாரியாகத்தான் மதிப்பெண். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்த நாட்டின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி சோதித்து 100-க்கு மதிப்பெண் போட்டு வெளியிடுகிறது. 85-ம் அதற்குக் கீழும் ஃபெயில். ஒரே கம்பெனியின் இரண்டு கப்பல்களுக்கு வேறு வேறு மதிப்பெண் வருவது சாதாரணம்.

சரி, அட்டவணையே போடக்கூடாதா? போடுங்கள். இடப்பக்கத்தில் கம்பெனிப் பெயருக்குப் பதில் கப்பலின் பெயர், கட்டிய ஆண்டு, கடைசியாக டிரை டாக்கில் (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் தளம்) ஏற்றிப் புதுப்பித்த ஆண்டு, எத்தனை இரவு, எந்த மாதம் என்று எழுதுங்கள். இந்த ஐந்தும் நிரம்பாத வரிசைக்கு நட்சத்திரம் போடாதீர்கள்.

விளம்பர விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது

விளம்பரத்தில் போட்ட விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தினசரி டிப்ஸ் ஏறும். அது அறைக்கு இல்லை, தலைக்கு. பெரும்பாலான கம்பெனிகளில் குழந்தைகளின் தலையையும் எண்ணுவார்கள். குடிக்கிற ஒவ்வொன்றுக்கும் விலையோடு 18 முதல் 20 சதவீதம் வரை சேவைக் கட்டணம். வைஃபை தனி. தனிக் கட்டணம் வாங்குகிற உணவகங்கள், கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கிற பயணங்கள் தனி. எனக்கு ஒருமுறை 100-இல் ஆரம்பித்தது 165-இல் முடிந்தது. அதே வாரம் 140 கேட்ட இன்னொரு கம்பெனியை “ரொம்ப ஜாஸ்தி” என்று தள்ளியிருந்தேன். அந்த 140-க்குள் டிப்ஸ், வைஃபை, பானங்கள் எல்லாமே அடக்கம்.

வைக்கிங் கடற்கப்பல்களில் வைஃபையும், ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு கரைச் சுற்றுலாவும் கட்டணத்துக்குள்ளேயே வந்துவிடும். ரீஜன்ட்டில் டிப்ஸ், மது, கரைச் சுற்றுலா எல்லாமே. ஆனால் எல்லாம் அடக்கம் என்பதற்காகவே அது லாபம் ஆகிவிடாது. மது தொடாதவர், துறைமுகத்தில் தானே நடந்து சுற்றுகிறவர் அந்தக் கட்டணத்தைக் கட்டினால் பக்கத்து மேசைக்காரரின் பில்லையும் சேர்த்துக் கட்டுகிற மாதிரிதான். உங்கள் பழக்கத்தை வைத்து ஓர் இரவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்.

நாளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டிவிட்டுக் குடிக்கிற மது பேக்கேஜில் ஒரு கொக்கி இருக்கிறது. பல கம்பெனிகளில் ஒருவர் வாங்கினால் அந்த அறையில் இருக்கிற பெரியவர்கள் எல்லோரும் வாங்கியாக வேண்டும். நாள் முழுக்கக் கரையில் சுற்றுகிற நாட்களுக்கும் காசு உண்டு. கார்னிவலில் 24 மணி நேரத்துக்குப் பதினைந்து மதுபானம் என்று உச்ச வரம்பு வேறு. பதினைந்தை எட்டுகிறவரோடு அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டாம் என்பது என் தனிப்பட்ட யோசனை.

பால்கனி என்றால் கடல் தெரியும் என்று நினைப்பது

ராயல் கரீபியனின் ஒயாசிஸ் வகைக் கப்பல்களில் உள்பக்கம் பார்த்த பால்கனிகள் உண்டு. கீழே பூங்கா தெரியும். கடல் தெரியாது. அறையின் வகைப் பெயரை முழுசாகப் படியுங்கள்.

சேவையைப் பணியாளர் எண்ணிக்கையால் அளப்பது

இத்தனை பயணிக்கு ஒரு பணியாளர் என்று பெருமையாகப் போடுவார்கள். அந்த எண்ணிக்கையில் இயந்திர அறையில் இருப்பவரும், மேடையில் ஆடுகிறவரும் அடக்கம். உங்கள் மேசைக்கு வருபவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

நீங்கள் எந்த மாதிரி சேவையை எதிர்பார்க்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். டிஸ்னி கப்பல்களில் ஒவ்வொரு இரவும் உணவகம் மாறும், ஆனால் பரிமாறுபவர்களும் உங்களோடு கூடவே வருவார்கள். மூன்றாம் நாள் உங்கள் குழந்தை எதை ஒதுக்கி வைக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. நார்வீஜியனில் நேரமும் மேசையும் உங்கள் இஷ்டம், அந்தச் சுதந்திரத்துக்காகவே அங்கே போகிறவர்கள் உண்டு. தினமும் புது முகம் பரிமாறும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். குனார்டில் நீங்கள் எடுத்த அறையின் தரத்தைப் பொறுத்துத்தான் எந்த உணவகம் என்பது முடிவாகும். குறைந்த கட்டண அறையை எடுத்துவிட்டு உயர்தர அறைக்காரர்களுக்கான கிரில் உணவகத்தின் வாசலில் நின்றால் மரியாதையாகத் திருப்பி அனுப்புவார்கள். ஒருவர் “சேவை பிரமாதம்” என்று சொன்னால், எந்த வகுப்பில் போனார் என்று முதலில் கேளுங்கள். எம்எஸ்சியின் யாட் கிளப், நார்வீஜியனின் ஹேவன் என்கிற உயர் கட்டணப் பகுதிகள் கப்பலுக்குள் ஒரு தனிக் கப்பல் மாதிரி. அங்கே தங்கியவரின் அனுபவம் உங்கள் தளத்துக்கு இறங்கி வராது.

சூழலைப் புகைப்படத்தில் தேடுவது

விளம்பரப் படத்தில் எல்லோரும் ஒரே மாதிரித்தான் சிரிப்பார்கள். விதிகளைப் பாருங்கள். வைக்கிங்கில் 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை, சூதாட்டக் கூடமும் இல்லை. வர்ஜினிலும் பெரியவர்கள் மட்டும்தான், ஆனால் இரவுகள் வைக்கிங்கைப் போல் சீக்கிரம் உறங்கிவிடாது. டிஸ்னியிலும் சூதாட்டக் கூடம் கிடையாது. குனார்டில் சில மாலைகளுக்கு முழு உடை ஒழுங்கு உண்டு. பிடிக்காதவர்களுக்கு அது தண்டனை, பிடித்தவர்கள் அதற்காகவே போகிறார்கள்.

மத்தியதரைக் கடலில் எம்எஸ்சி, கோஸ்டா கப்பல்கள் பல துறைமுகங்களில் ஆட்களை ஏற்றி இறக்கும். உங்களுக்கு நான்காம் நாள் என்றால் இன்னொருவருக்கு அது முதல் நாள். அறிவிப்புகள் நான்கைந்து மொழிகளில் வரும். எனக்கு அந்தச் சந்தை இரைச்சல் பிடிக்கும். என் மனைவிக்கு ஆகவே ஆகாது.

ஒரே முதலாளி என்றால் ஒரே தரம் என்று நினைப்பது

கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, குனார்டு, சீபோர்ன் எல்லாம் ஒரே குழுமம். கப்பலில் ஏறிப் பாருங்கள், அப்படித் தோன்றாது.

துறைமுகத்தின் பெயரை நம்புவது

கம்பெனி தரும் பயண அட்டவணையில் “ரோம்” என்றிருக்கும். கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில், அங்கிருந்து ரோம் சுமார் 70 கிலோமீட்டர். “பாரிஸ்” என்றால் லெ ஆவ்ர், கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். மலிவான பயணத்தில் காலை எட்டுக்கு நிறுத்தி மாலை ஐந்துக்குக் கிளம்பினால் பாதி நாள் பேருந்திலேயே போய்விடும். எத்தனை துறைமுகம் என்று எண்ணாதீர்கள், எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று எண்ணுங்கள்.

முதல் தடவையே பதினான்கு இரவு

வேண்டாம்.

தனியாகப் போகிறவர் இருவர் விலையை ஒப்பிடுவது

விளம்பர விலை இருவர் தங்கினால் தலைக்கு. தனி ஆள் பல சமயம் இரண்டு பங்கும் கட்ட வேண்டும். தனி ஆளுக்கான அறைகள் உள்ள கப்பல்களை மட்டும் பாருங்கள்.

விமர்சனத்தில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணுவது

யார் எழுதினார், எதற்காகக் குறைத்தார் என்று பார்க்காவிட்டால் நட்சத்திரத்தால் ஒரு பயனும் இல்லை. போன வருடம் ஒரு கப்பலுக்கு ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு ஆவேசமாக எழுதியிருந்தார்: “இரவு பத்து மணிக்கு மேல் ஒரு ஈ, காக்கை இல்லை. எல்லோரும் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.” படித்த பத்தாவது நிமிடம் அந்தக் கப்பலில் அறை பதிவு செய்துவிட்டேன். அவர் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.