பாய்லர் உறுமுகிறது, வெந்நீர் வரவில்லை: லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பதிவு, வங்கிக் கணக்கு, கவுன்சில் வரி எல்லாவற்றுக்கும் வழி சொல்ல ஆள் இருக்கிறது. சமையலறை அலமாரிக்குள் தொங்கும் பாய்லர் என்ற அந்த வெள்ளைப் பெட்டியைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. நவம்பரில் அது உறுமத் தொடங்கி, ஷவரில் பச்சைத் தண்ணீர் கொட்டும்போதுதான் தேடல் ஆரம்பிக்கும். அப்போது கிடைக்கும் முதல் யோசனை, "பிரஷரை ஏற்றி விடுங்க, சரியாகிடும்." காசைக் கரைப்பது இந்த யோசனைதான்.

சட்ட விஷயம் சுருக்கமாக. இங்கிலாந்தில் வழக்கமான வாடகை வீடு என்றால் ஹீட்டிங்கையும் வெந்நீரையும் பழுதுபார்த்துத் தருவது வீட்டுக்காரர் கடமை. 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர்-வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. கேஸ் பாதுகாப்புச் சோதனை ஆண்டுக்கு ஒருமுறை, அதன் சான்றிதழ் நகல் நீங்கள் குடிபோகும் முன்பே கையில். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் 2022 அக்டோபர் முதல் கட்டாயம். பாய்லரின் மூடியைக் கழற்றுவது கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்யத் தகுதி பெற்றவர்களின் பதிவேடு) பதிவு உள்ளவர் வேலை. கேஸ் வாடை வந்தாலோ அந்த அலாரம் அடித்தாலோ சோதனை எதுவும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல், மீட்டர் அருகே உள்ள கேஸ் கைப்பிடியை மூடிவிட்டு, வெளியே வந்து 0800 111 999 என்ற கேஸ் அவசர எண்ணை அழையுங்கள்.

இனி பெட்டிக்கு வருவோம். ஊரில் கெய்சர் கெட்டால் காயிலை மாற்றினால் முடிந்தது. இங்கே பெரும்பாலான ஃபிளாட்டுகளில் இருப்பது காம்பி பாய்லர்: ஒரே பெட்டிக்கு இரண்டு வேலை, உள்ளே இரண்டு தண்ணீர். ஒன்று அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குள் வருஷக்கணக்கில் சுற்றும் அதே பழைய தண்ணீர். மற்றது தெருக் குழாயிலிருந்து வந்து உங்கள் ஷவருக்குப் போவது. இரண்டும் கலப்பதில்லை. பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற சின்ன உலோகக் கட்டைக்குள், மெல்லிய தகடுகளின் இரு பக்கமும் ஓடி, சூடு மட்டும் கை மாறுகிறது. சூடான தண்ணீரை ரேடியேட்டர் பக்கமா, இந்தக் கட்டையின் பக்கமா என்று திருப்பிவிடுவது டைவர்ட்டர் வால்வு. (உங்கள் வீட்டில் வெந்நீரைத் தேக்கிவைக்கும் பெரிய சிலிண்டர் இருந்தால் கதை வேறு. அதன் பக்கத்தில் இம்மர்ஷன் சுவிட்ச் இருக்கும். பழுது பார்க்கும்வரை அதைப் போட்டு மின்சாரத்தில் குளித்துக்கொள்ளலாம்.)

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணறோ, தமிழ்நாட்டு போர்வெல்லோ பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கெட்டிலின் அடியில் படியும் வெள்ளைக் காரை தெரியும். லண்டன் தண்ணீரும் அதே ஜாதி. மான்செஸ்டர், கிளாஸ்கோ நண்பர் "எங்க வீட்ல அப்படி இல்லையே" என்பார். அவருக்கு வருவது மென்மையான ஏரித் தண்ணீர். அந்தக் காரைதான் பாய்லருக்குள்ளும் படிகிறது. 60 டிகிரியைத் தாண்டினால் வேகமாகப் படியும்.

சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் ஹீட்டிங்கை அணைத்துவிட்டு, சமையலறை வெந்நீர்க் குழாயை மட்டும் முழுசாகத் திறங்கள். பாய்லர் பற்றவே இல்லை என்றால், தண்ணீர் ஓடுவதை உணரும் ஃப்ளோ சென்சார் அழுக்கில் நின்றிருக்கலாம். குழாயில் வரத்தே குறைவாக இருந்தாலும் பற்றாது. பற்றுகிறது, திரையில் சூடு சரசரவென்று 70, 80 என ஏறுகிறது, சில வினாடிகளில் அணைகிறது, குழாயில் வெதுவெதுப்பும் குளிர்ச்சியும் மாறி மாறி வருகிறது என்றால், பிளேட் கட்டை அடைத்துவிட்டது. குழாயைத் திறந்திருக்கும்போது ரேடியேட்டர் சூடாகிறதா? டைவர்ட்டர் வால்வு நடுவில் சிக்கி நிற்கிறது.

வாளியையும் எடுத்துக்கொள்ளுங்கள். 24 கிலோவாட் காம்பி, தண்ணீரை 35 டிகிரி உயர்த்தினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 லிட்டர்தான் தரும். ஜனவரியில் குழாய்த் தண்ணீர் 5 டிகிரிக்கு வந்தால் உங்களுக்குக் கிடைப்பது 40. பத்து லிட்டர் வாளி அரை நிமிடத்தில் நிரம்பி, வெதுவெதுப்பாக இருக்கிறதென்றால் பாய்லரில் கோளாறே இல்லை. குழாயைக் கொஞ்சம் மூடுங்கள்.

அடுத்தது சத்தம். ஹீட்டிங்கைப் போட்டு உறுமவிட்டு, பிறகு தெர்மோஸ்டாட்டைக் குறையுங்கள். திரையில் தீச்சுடர் அடையாளம் போனபின்னும் பம்ப் சில நிமிடம் ஓடும். சுடரோடு சத்தமும் நின்றால், தண்ணீர் உள்ளே ஓரிடத்தில் தேங்கிக் கொதிக்கிறது. சுடர் நேரடியாகச் சூடாக்கும் பிரதான எக்ஸ்சேஞ்சரைக் காரையோ சேறோ அடைத்திருக்கிறது. ஹீட்டிங் சூட்டை 75இலிருந்து 55க்கு இறக்கிப் பாருங்கள். உறுமல் அடங்கினால் உறுதி. சுடர் போன பின்னும் சத்தம் தொடர்ந்தால் பம்ப் அல்லது காற்று. உறைபனிக் காலையில் மட்டும் 'களக் களக்' என்று கேட்டு பாய்லர் பற்ற மறுத்து நின்றுவிட்டால், வெளிச்சுவரில் போகும் வெள்ளை பிளாஸ்டிக் பைப் உறைந்திருக்கிறது. வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள், கொதிநீர் வேண்டாம். பற்றும் நொடியில் 'டம்' என்று வெடிக்கிற மாதிரி கேட்டால் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ரீசெட் பட்டனை இரண்டு தடவைக்கு மேல் அழுத்துவதில் பயன் இல்லை.

இப்போது முதலில் சொன்ன, பிரஷரை ஏற்றச் சொல்லும் அந்த யோசனைக்கு வருவோம். பாய்லர் ஆறியிருக்கும்போது, ரேடியேட்டர் சுற்றின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் முள் 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) வரை இருக்க வேண்டும். குறைந்தால் ஃபில்லிங் லூப் என்ற வெள்ளிப் பின்னல் குழாயின் இரு சின்ன வால்வுகளைத் திறந்து ஏற்றலாம். வருஷத்துக்கு ஒருமுறை என்றால் சரி. நம் வீடுகளில் நடப்பது வாராவாரம்! ஒவ்வொரு தடவையும் ரேடியேட்டர் சுற்றுக்குள் புதுச் சுண்ணாம்பும் புதுப் பிராணவாயுவும் போகின்றன. சுண்ணாம்பு எக்ஸ்சேஞ்சரில் காரையாகிறது. பிராணவாயு ரேடியேட்டர் இரும்பை அரித்துக் கறுப்புச் சேறாக்குகிறது. அரிப்பைத் தடுக்கப் போட்ட மருந்தும் நீர்த்துப்போகிறது. இரண்டு குளிர்காலம் இப்படி ஓட்டினால் உறுமலும் வரும், அந்தச் சேறு பிளேட் கட்டையை அடைத்து வெந்நீரும் போகும். பிரஷர் போனது முதல் நோய் என்பதை அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள். வருகிறவர் "புது பாய்லர்தான்" என்பார். கட்டையை மாற்றுவது சில நூறு பவுண்டு, புது பாய்லர் இரண்டாயிரத்துக்கு மேல். பழைய சேற்றைக் கழுவாமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழி.

பிரஷர் ஏன் இறங்குகிறது என்பதை முள்ளே சொல்லும். ஆறியிருக்கும்போது ஒரு அளவு, ஒரு மணி நேரம் ஹீட்டிங் ஓடியபின் ஒரு அளவு, இரண்டையும் எழுதுங்கள். 1இலிருந்து 1.5, 2 வரை ஏறுவது இயல்பு. 3ஐத் தொட்டு, ஆறியதும் பூஜ்யத்துக்கு விழுந்தால் எக்ஸ்பான்ஷன் வெசல் என்ற காற்றுக் கலத்தில் காற்று போய்விட்டது. சூடான தண்ணீர் விரிய இடமில்லாமல், 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளியே கொட்டுகிறது. வெளிச்சுவரில், வாய் சுவரைப் பார்த்து வளைந்த செம்புக் குழாய் இருக்கும். பாய்லர் ஆறியிருக்கும்போது அதன் வாயில் பிளாஸ்டிக் பை கட்டி மறுநாள் பாருங்கள். பையில் தண்ணீர் இருந்தால் வீட்டுக்குள் ஒழுக்கைத் தேடித் தரைப்பலகையைப் பெயர்க்க விடாதீர்கள். பை காய்ந்திருந்தால் ரேடியேட்டர் வால்வுகளின் அடியில் பச்சைக் கறை தேடுங்கள்.

ஆறிய நிலையிலேயே முள் தானாக ஏறினால் லூப் வால்வு சரியாக மூடவில்லை. மூடியும், அந்தப் பின்னல் குழாயைக் கழற்றியும் ஏறினால் பிளேட் கட்டைக்குள் ஊசித் துளை, தெருத் தண்ணீர் உள்ளே கசிகிறது.

சில இன்ஜினியர்கள் கசியும் பாதுகாப்பு வால்வை மட்டும் மாற்றிவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் புது வால்வும் ஒழுகும். "வெசல் காற்றைப் பார்த்தீர்களா, எவ்வளவு இருந்தது?" என்று கேளுங்கள். சுற்றிலிருந்து தண்ணீரை இறக்கி, பிரஷரைப் பூஜ்யமாக்கியபின், சைக்கிள் டியூப் மாதிரி வால்வில் அளந்தால் வழக்கமாக 0.75 முதல் 1 பார் இருக்க வேண்டும். அந்த வால்வில் காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது. வெசலையே மாற்ற வேண்டும்.

வீட்டுக்காரருக்கு "பாய்லர் வேலை செய்யவில்லை" என்று ஒற்றை வரி அனுப்பாதீர்கள். ஆறிய அளவு, சூடான அளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை ஏற்றினீர்கள், வெந்நீர் எத்தனை வினாடியில் குளிர்கிறது, சத்தம் சுடரோடு நிற்கிறதா என்பதை மின்னஞ்சலில் எழுதி, முள்ளின் படத்தையும் இணையுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. பழுதைச் சரிசெய்தபின் அரிப்புத் தடுப்பு மருந்து, ஏறக்குறைய 100 லிட்டருக்கு ஒரு பாட்டில் கணக்கில் போட்டார்களா, ரேடியேட்டர்களிலிருந்து திரும்பிவரும் பைப்பில் சேற்றைப் பிடிக்கும் காந்த ஃபில்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். காம்பியில் வெந்நீர் சூட்டை 50இல் வைத்தால் போதும். தேக்கிவைப்பதில்லை என்பதால் கிருமிப் பயம் குறைவு, காரையும் மெதுவாகத்தான் படியும்.

"நம்ம ஆள் ஒருத்தர், பாதி விலைக்குச் செய்வார்" என்று நம்பர் கொடுப்பவர்கள் ஈஸ்ட்ஹாமிலும் உண்டு, ஹாரோவிலும் உண்டு. தமிழர் என்பதால் வேண்டாம் என்றில்லை. நம்மவரில் நல்ல கேஸ் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். வாசலிலேயே கேஸ் சேஃப் அட்டையைக் கேளுங்கள். முன்பக்கம் படமும் எண்ணும் இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் இருக்கும். அடுப்புக்கு மட்டும் தகுதி உள்ளவர் பாய்லர் மூடியைத் தொடக்கூடாது.