ஓரெழுத்தில் பேசலாம், வெடுக்கென்று பேச வேண்டாம்

தமிழில் தனித்து நின்று பொருள் தரும் ஓரெழுத்துச் சொற்களை நன்னூல் 42 என்று கணக்கிடுகிறது. நெடில் 40, குறில் நொ, து என இரண்டு. நாவில் அன்றாடம் புழங்குபவை அவற்றில் கொஞ்சம்தான்: வா, போ, தா, வை, நீ. பேச்சு வெடுக்கென்று விழுவதும் பெரும்பாலும் இவற்றால்தான்.

காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது. தமிழில் வினையின் வெறும் பகுதியே, அதாவது எதுவும் ஒட்டாத அடிச்சொல்லே, எதிரே நிற்கும் ஒருவருக்கு இடும் கட்டளையாகிவிடும். ‘வா’ என்பதில் மரியாதைக்கு ஒட்டு எதுவும் இல்லை. ஆகவே வாக்கியத்தை நீட்ட வேண்டியதில்லை, சொல்லின் கடைசியில் ஒட்டும் விகுதியைக் கவனித்தால் போதும். நெருங்கியவரிடம் ‘ஏன்’ சேருங்கள்: வாயேன், போயேன், தாயேன். கட்டளை அழைப்பாக மாறிவிடும். பெரியவர், புதியவர் என்றால் வாங்க, வாங்களேன். உதவி கேட்கும்போது கேள்வியாக்குவது இன்னும் நல்லது: “அந்தப் பேனாவைத் தர்றீங்களா?”

ஆளைப் பார்த்துச் சொல்லை மாற்றுவது பழைய வழக்கம்தான். ஒன்றைத் தரும்படி கேட்பவர் தருபவரைவிடத் தாழ்ந்தவரானால் ‘ஈ’, ஒத்தவரானால் ‘தா’, உயர்ந்தவரானால் ‘கொடு’ என்கிறது தொல்காப்பியம். இன்று ‘ஈ’ பேச்சில் இல்லை, வெறும் ‘தா’ நெருக்கமானவர்களோடு நின்றுவிட்டது, மரியாதைக்குக் ‘குடுங்க’, ‘தாங்க’.

‘நீ’யா ‘நீங்க’ளா என்று தயக்கமாக இருந்தால் இரண்டையும் விட்டுவிடுங்கள். “எங்க போகணும்?” என்று கேட்டால் யாருக்கும் உறுத்தாது.

அதிகம் சிக்கல் தருவது ‘ம்’. நேரில் பேசும்போது அதற்குக் குரல் துணை இருக்கிறது. தாழ்ந்து முடிந்தால் சம்மதம், ஏறி முடிந்தால் கேள்வி, இழுத்தால் யோசனை. அதையே கைபேசியில் தட்டி அனுப்பினால் குரல் போய்விடும். படிப்பவர் கோபம் என்றே எடுத்துக்கொள்வார். எதிராளி சொன்னதிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக் கூடச் சேர்த்துவிடுங்கள். “ஆறு மணிக்கு வரட்டுமா?” என்பதற்கு வெறும் “ம்” வேண்டாம், “ம், ஆறுக்கு வாங்க” என்று எழுதுங்கள். இரண்டு சொல்தான் கூடுதல், ஆனால் கேட்டதைக் காதில் வாங்கியதற்கு அதுவே அடையாளம்.

யாராவது கூப்பிட்டால் “என்ன?” என்று மட்டும் கேட்பதும் சுள்ளென்று இருக்கும். “சொல்லுங்க” என்பதும் ஒரே சொல்தானே. ‘ஏன்?’ தனியாக வந்தால் விசாரணை போலாகிவிடும், “ஏன், என்னாச்சு?” என்றால் அக்கறை. மறுப்பதானால் ‘முடியாது’ என்று நிறுத்தாமல் எப்போது முடியும் என்பதையும் சொல்லுங்கள்: “இன்னைக்கு முடியாது, நாளைக்குக் காலையில பண்றேன்.” விடைகொடுக்கும்போது ‘போ’ தனியாக வரக் கூடாது, “போயிட்டு வா” என்பதே முறை.

ஒட்டு மிகுந்தாலும் கெடும். ‘தயவுசெய்து’ பேச்சில் பல நேரம் எரிச்சலாகவே ஒலிக்கிறது. “தயவுசெய்து கொஞ்சம் பேசாம இருங்க” என்பது “கொஞ்சம் பேசாம இருங்க” என்பதைவிடக் கடுமை. ‘கொஞ்சம்’ ஒருமுறை வந்தால் போதும்.

ஆபத்து நேரத்தில் இந்தக் கணக்கெல்லாம் கூடாது. “தீ!”, “நில்!”, “குனி!” என்று வெறும் சொல்லாகவே கத்துங்கள். பாரம் தூக்கும்போதும் அப்படித்தான்: “தூக்கு”, “வை” என்று தெளிவாக ஒரே குரலில் வர வேண்டும். அங்கே ‘வைக்கிறீங்களா’ என்று இழுத்தால் ஒருவர் இறக்குவார், மற்றவர் பிடித்தபடியே நிற்பார்.