டே லில்லி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயரில் லில்லி இருந்தாலும் டே லில்லி உண்மையில் லில்லி இல்லை. இந்தச் செடியை வளர்ப்பதில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு குழப்பத்தில்தான் தொடங்குகின்றன. அசல் லில்லி, லிலியம் பேரினத்தைச் சேர்ந்தது. செதில் செதிலாக இருக்கும் குமிழிலிருந்து ஒற்றைத் தண்டாக எழும்பும். டே லில்லியோ ஹெமரோகாலிஸ் பேரினம். சீனா, கொரியா, ஜப்பான் பக்கம்தான் அதற்குப் பூர்வீகம். குமிழே கிடையாது. மண்ணை உதறிவிட்டுப் பார்த்தால் கீழே சதைப்பற்றான வேர்க்கொத்து, மேலே விசிறி மாதிரி விரிந்த இலைகள், இரண்டும் சேரும் இடத்தில் வெளுத்த ஒரு கழுத்து. புது வேர், புது இலை, பூத்தண்டு, பக்கக்கன்று எல்லாமே அந்தக் கழுத்திலிருந்துதான் புறப்படுகின்றன. கழுத்து அழுகினால் செடியே போய்விடும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல், குமிழை நடுவது போல ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிடுகிறோம். நானும் முதலில் அப்படித்தான் நட்டேன். இலை வந்தது, மெலிந்தது, மஞ்சளானது. இரண்டு வருடம் ஒரு பூ இல்லை. தோண்டிப் பார்த்தபோது ஐந்தில் இரண்டு கன்றுகளின் கழுத்து கையில் கூழாகப் பிசுபிசுத்தது. மீதி மூன்றை மேலே தூக்கி நட்டதும் அடுத்த பருவத்திலேயே பூத்துவிட்டன. கழுத்து மண்மட்டத்திலிருந்து இரண்டரை சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. கன்றின் அடியில் இலை பச்சையிலிருந்து வெள்ளையாக மாறும் கோடு ஒன்று தெரியும்; முன்பு மண் அதுவரைதான் இருந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். அகலமாகக் குழி எடுத்து, நடுவில் சின்ன மண்மேடு கட்டி, அதன்மேல் கன்றை உட்கார வைத்து, வேர்களைச் சுற்றிலும் பரப்பிவிடுங்கள். மண்ணை மூடித் தண்ணீர் விட்டதும் மண் கொஞ்சம் இறங்கும். கன்றும் சேர்ந்து இறங்கிவிட்டதா என்று இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். மூடாக்கு, அதாவது மண்ணை மூடச் சருகோ வைக்கோலோ போடும்போதும் இதே கவனம் வேண்டும். கழுத்தைச் சுற்றி நான்கு விரல் இடம் விட்டுப் போட்டால் நல்லது. கழுத்தின்மேல் குவித்தால் அதுவும் ஆழமாக நட்டது போலத்தான்.

ரகத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலர் பூவின் படத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். இதுவரை பதிவான ரகங்கள் 80,000க்கும் மேல் இருக்கின்றன. நிறத்துக்குப் பஞ்சமே இல்லை. நிறத்தைவிட முக்கியமானது, இலை குளிர்காலத்தில் என்ன ஆகிறது என்பது. சில ரகங்களில் இலை முழுவதும் காய்ந்து செடி உறங்கப் போகும். சிலவற்றில் வருடம் முழுக்கப் பச்சை மாறாது. மூன்றாவது வகை இரண்டுக்கும் நடுவில். கடும் குளிரே இல்லாத ஊரில் உறங்கும் ரகங்களை நட்டால், அவற்றில் பல வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே போகும். அங்கே பச்சை மாறாத ரகங்களே பத்திரம். பனி உறையும் ஊரில் கணக்கு பெரும்பாலும் தலைகீழ். அப்புறம், பிடித்த ரகத்தின் விதையைப் போட்டு அதே பூவை எதிர்பார்க்கவும் வேண்டாம். விதையில் வருவது வேறொரு செடி. அதே பூ வேண்டுமென்றால் தாய்த்தூரிலிருந்து கன்று பிரித்துத்தான் நட வேண்டும்.

நிழலிலும் இந்தச் செடி உயிரோடு இருக்கும், இலையும் செழிக்கும். அதனால்தான் ஏமாந்துபோகிறோம். நிறையப் பூக்க ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கருஞ்சிவப்பு, ஊதாப் பூக்கள் மட்டும் கடும் பிற்பகல் வெயிலில் கருகி வாடும். அவற்றுக்குக் காலை வெயிலும் மதிய நிழலும் பொருந்தும். பெரிய மரத்தடியில் நட்டால் வெயிலும் போச்சு, தண்ணீரையும் மரத்தின் வேர் இழுத்துக்கொள்ளும்.

தண்ணீரை தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை வேர்வரை இறங்கும்படி விடுவது நல்லது. சதைப்பற்றான வேரில் சேமிப்பு இருப்பதால் கொஞ்சம் வறட்சியைத் தாங்கும். ஆனால் மொட்டு விடும் நேரத்தில் காயப் போட்டால் மொட்டு உதிர்ந்துவிடும். இலைமேல் தண்ணீர் ஊற்றுவதையும், குறிப்பாக மாலையில் ஊற்றுவதையும், விட்டுவிடுங்கள். டே லில்லியைத் தாக்கும் துரு நோய்ப் பூஞ்சை, இலை சில மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தாலே முளைத்துவிடும். அமெரிக்காவில் இது முதன்முதலாக 2000இல் கண்டுபிடிக்கப்பட்டது; கன்றுகளோடு சேர்ந்தே வேகமாகப் பரவியது. சந்தேகம் வந்தால் ஒரு வெள்ளைத் தாளால் இலையின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். ஆரஞ்சு நிறப் பொடி தாளில் ஒட்டினால் துரு நோய்தான். வெறும் பழுப்புக் கோடுகள் இருந்து, பொடி எதுவும் ஒட்டவில்லையென்றால் அது வேறு இலைநோய். அவ்வளவாகப் பயப்பட வேண்டாம். துரு பிடித்த இலைகளை அடியோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். புதிதாக வாங்கிய கன்றைச் சில வாரங்கள் தனியே வைத்துப் பார்த்துவிட்டுப் பாத்தியில் சேர்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

உரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலைதான் வரும். நன்றாக மக்கிய உரம் போதும்.

பூ ஒரே நாள்தான் இருக்கும். ஹெமரோகாலிஸ் என்ற பெயரே கிரேக்கத்தில் ‘ஒரு நாள் அழகு’ என்ற பொருளில் வந்ததுதான். காலையில் விரிந்தது மறுநாள் சுருண்டு தொங்கும். பக்கத்து மொட்டு விரியத் தயாராக இருக்கும். வாடியதைக் கிள்ளுவதில் எல்லோரும் செய்யும் தவறு, இதழை மட்டும் உருவிவிடுவது. இதழின் அடியில் பச்சையாகச் சின்ன முடிச்சு இருக்கிறதே, அதுதான் சூலகம். மகரந்தம் சேர்ந்திருந்தால் அது காயாகப் பருத்து, செடியின் தெம்பையெல்லாம் விதைக்கு இழுத்துவிடும். ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, முடிச்சோடு சேர்த்துப் பக்கவாட்டில் ஒடியுங்கள். அவசரப்பட்டால் ஒட்டியிருக்கும் இளமொட்டும் சேர்ந்து வந்துவிடும். தண்டில் மொட்டெல்லாம் தீர்ந்ததும் தண்டை அடியில் வெட்டலாம். ஆனால் பச்சை இலைகளை அழகுக்காக ஒட்ட வெட்டாதீர்கள். அடுத்த வருடப் பூவுக்கான சேமிப்பு அந்த இலைகளில்தான் தயாராகிறது.

நன்றாகப் பூத்த தூர் மூன்று, நான்கு வருடத்தில் நடுவில் நெருங்கிப்போய்ப் பூக் குறையும். அதைப் பார்த்து உரம் கூட்டுவதும் தவறுதான். தூரைப் பிரிக்க வேண்டிய நேரம் அது. பூ முடிந்ததும் முழுத்தூரையும் தோண்டி, தண்ணீரில் அலசி, கைகளால் ஆட்டி ஆட்டிப் பிரியுங்கள். பிரியாத இடத்தில் மட்டும் கத்தி. ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு மூன்று விசிறிகளும் அதற்கேற்ற வேரும் இருக்கட்டும். இலைகளைப் பாதியாக வெட்டிவிட்டு, இரண்டு பிரிவுக்கு நடுவே ஒன்றரை அடி விட்டு நடுங்கள். கொளுத்தும் வெயிலிலும் மழை ஊற்றும் புழுக்கத்திலும் பிரித்தால் வெட்டுப்பட்ட கழுத்து அழுகும். கொஞ்சம் குளிரும்வரை பொறுங்கள்.

வீட்டில் பூனை இருந்தால் இந்தச் செடியே வேண்டாம். டே லில்லி லில்லி இல்லைதான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அசல் லில்லிக்குச் சமமான ஆபத்து. இலையோ இதழோ கொஞ்சம் கடித்தாலும், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூ வைத்த ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் பூனைக்குச் சிறுநீரகம் செயலிழக்கலாம். கடித்ததைப் பார்த்தால் வாந்தி எடுக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.