மலையில் ஒரு மாத நாவல்: புது நோட்டு வாங்கும் முன் பழையதைத் திறங்கள்

முப்பது நாளில் நாவல் எழுதும் சவாலில் பாதியில் நின்றவர்கள் அடுத்த முறை முதல் வேலையாகப் புது நோட்டு வாங்குகிறார்கள். செய்ய வேண்டியது அலமாரியிலிருந்து பழையதை எடுப்பது. எந்த நாளில், எந்தக் காட்சியில் நின்றது என்று பார்க்காமல் போட்ட திட்டம் மறுபடி அதே வளைவில்தான் நிற்கும். தொடங்கும் தேதிக்கு நான்கு வாரம் முன்பே இதில் இறங்குங்கள். முதல் வாரம் முழுக்கப் பழைய பிரதிக்குத்தான்.

பழைய பிரதியைப் படிக்கும் முறை

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் அடித்த கோப்பு இப்போது திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பயப்பட வேண்டாம், எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினால் வந்துவிடும். பிறகு ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: நாள், அன்று எழுதிய சொற்கள், எந்தக் காட்சி, அன்று வீட்டில் என்ன நடந்தது. கடைசிக் கட்டம்தான் முக்கியம். நினைவில்லை என்றால் அந்த வாரத்துப் போன் செய்திகளையும் படங்களையும் புரட்டினால் பாதி கிடைக்கும்.

“மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லை, அதோடு நின்றுவிட்டது” என்று சொல்வது வழக்கம். கரண்ட் திரும்பிய பிறகு கோப்பைத் திறந்தீர்களா என்று பாருங்கள். திறந்து ஒரு பக்கமாவது எழுதியிருந்தால் மழைதான் காரணம். இந்த முறை ஏற்பாடு செய்தால் போதும். திறக்கவே இல்லை என்றால் மழை வெறும் சாக்கு. கதை அதற்கு முன்பே நின்றுபோயிருக்கிறது.

கதை நிற்பதற்கு இன்ன நாள் என்று ஏறக்குறைய ஒரு கணக்கு உண்டு. ஒரு வாரத்துக்குள் நின்றிருந்தால் ஊர் இருக்கிறது, ஆள் இருக்கிறார், ஆளுக்கு வேண்டியது எதுவும் இல்லை. மலைக்கதையில் இது கூடுதலாக நடக்கும். மூடுபனியையும் தேயிலைச் சரிவையும் மூவாயிரம் சொல்லுக்கு வர்ணித்த பிறகு, அந்தச் சரிவில் நிற்கிறவள் எதற்காக நிற்கிறாள் என்று தெரியாமல் பேனா நிற்கும். மருந்து ஒரே வாக்கியம்: யாருக்கு என்ன வேண்டும், எதற்குள் வேண்டும், தடுப்பது யார். “கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் பெண், தம்பி விற்கச் சொல்லும் பங்கை விற்காமல் மார்ச் வரை தாக்குப்பிடிக்க வேண்டும்.” இப்படி ஒரு வாக்கியம் அமையும்வரை தேதி குறிக்காதீர்கள்.

இரண்டாம் வாரத்தில் நின்றிருந்தால் முதல் சிக்கலைச் சீக்கிரம் தீர்த்துவிட்டீர்கள், அடுத்தது கைவசம் இல்லை. இருபதாம் நாளுக்கு மேல் நின்றிருந்தால் முடிவு தெரியாமல் ஓடியிருக்கிறீர்கள். கடைசிக் காட்சியைப் பத்து வரியில் இப்போதே எழுதி வையுங்கள், மாறினால் மாறட்டும். “முதல் அத்தியாயம் – புதிது – கடைசி – உண்மையிலேயே கடைசி” என்று நான்கு கோப்பு இருந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. எழுதியதைத் திருத்தியே மாதம் போயிருக்கிறது.

இரண்டாம் வாரம்: தமிழுக்கு எத்தனை சொல்?

இந்தச் சவால் 1999 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 21 பேரோடு தொடங்கியது. மறு ஆண்டு நவம்பருக்கு மாறியது. நானோரைமோ என்ற பெயரில் அதை நடத்திய அமைப்பு 2025-ல் மூடுவதாக அறிவித்துவிட்டது. ஆனாலும் யாரிடமும் அனுமதி வாங்கி எழுதும் விஷயமில்லை இது. இலக்கு 50,000 சொல், நாளுக்கு 1,667. இந்த எண்ணை அப்படியே தமிழுக்குத் தூக்கி வந்ததுதான் பலருடைய முதல் தவறு. “பேருந்து நிலையத்தில் அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்” என்பது தமிழில் நான்கு சொல். ஆங்கிலத்தில் ஒன்பது ஆகும். வேற்றுமை, காலம், எழுவாய் எல்லாம் நம் சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொள்கின்றன.

ஆகவே தமிழில் 30,000 சொல், நாளுக்கு 1,000 என்று வையுங்கள். அச்சில் சுமார் 150 பக்கம் வரும். குறுநாவலுக்கு மேல், பெருநாவலுக்குக் கீழ். கணினி இடைவெளியைப் பார்த்துத்தான் சொல்லை எண்ணுகிறது. “காத்துக் கொண்டு இருந்தேன்” என்று பிரித்து எழுதினால் அதே வாக்கியம் ஆறு சொல் ஆகிவிடும். பதினைந்தாம் நாளுக்கு மேல் கை தானாகப் பிரிக்கத் தொடங்கும், கவனியுங்கள். எழுத்து எண்ணிக்கையையும் நம்ப வேண்டாம்; “கொ” ஒரு எழுத்து, யூனிகோடில் இரண்டு குறியீடு.

எந்த மாதம்?

நவம்பர் கலிபோர்னியாக்காரர்கள் குறித்த மாதம். நம் மலையில் அது வடகிழக்குப் பருவமழை: குன்னூர், கோத்தகிரி சரிவிலும் கொடைக்கானலிலும் மரம் விழும், மண் சரியும், கரண்ட் போகும். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் பெருமழை, நவம்பர் அவ்வளவு மோசமில்லை. ஏப்ரல், மே சீசன். விடுதி, கடை, வண்டி வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நீலகிரிக்கு நல்லது காணும் பொங்கலுக்கு மறுநாள் தொடங்குவது. ஜனவரி 18-ல் தொடங்கினால் பிப்ரவரி 16-ல் முப்பது நாள். மழை இல்லை, உறைபனியில் கொழுந்து குறைவதால் சிறு தேயிலை விவசாயிக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் உண்டு. கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிப் பழம் பறிக்கும் காலம் நவம்பர் முதல் ஜனவரி வரை நீளும். அவர்களுக்கு பிப்ரவரி நல்லது. அந்த மாதம் 28 நாள் என்பதால் நாளுக்கு 1,072 ஆகும். நவம்பரிலேயே எழுத வேண்டும் என்றால் 25 நாளுக்குத் திட்டம் போடுங்கள், நாளுக்கு 1,200. மிச்சம் ஐந்து நாள் மழைக்கு.

மூன்றாம் வாரம்: தகவலும் பேச்சும்

காட்சிகளை அட்டையில் எழுதுங்கள், ஒன்றுக்கு இரண்டு வரி. ஒரு காட்சி ஆயிரம் முதல் ஆயிரத்து இருநூறு சொல் வரும். 26 அட்டை போதும். இதற்கு மேல் திட்டம் போடுவது எழுதாமல் தள்ளிப்போடும் வேலை.

தகவல் சரிபார்ப்பு இந்த வாரத்தோடு முடிய வேண்டும். எழுதும் மாதத்தில் ஒரு தேதியைத் தேடிப் போனால் ஒரு மாலை போய்விடும். மலைக்கதைகளில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் சில: குறிஞ்சி பெருமளவில் பூத்தது 1994, 2006, 2018-ல், கதை 2010-ல் நடந்தால் காதலர்களுக்குக் குறிஞ்சிச் சரிவு கிடையாது. ஊட்டியில் பனிமழை பெய்யாது, புல்லில் உறைபனி படியும். மலை ரயில் 1899-ல் குன்னூர் வரைதான் வந்தது, ஊட்டிக்கு 1908-ல். கொடைக்கானலில் ரயிலிலிருந்து யாரும் இறங்க முடியாது. கொடை ரோடு ஸ்டேஷன் சுமார் 80 கிலோமீட்டர் கீழே அம்மையநாயக்கனூரில் இருக்கிறது. இலங்கையிலிருந்து திரும்பியவர்கள் கதை என்றால், ஒப்பந்தம் 1964, அவர்களுக்காக அரசு தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது 1968. பாட்டியை 1960-ல் அங்கே கொழுந்து பறிக்க விடாதீர்கள்.

உரையாடலைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். ஒரே பேருந்தில் படகமும் (படகர்களின் மொழி) மலையாளமும் கன்னடமும், கண்டி வாடைத் தமிழும் கோயம்புத்தூர்த் தமிழும் ஏறும் மாவட்டம் நீலகிரி. யார் யாரிடம் எந்த மொழியில் பேசுவார்கள் என்று பாத்திரத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். படகப் பாட்டி பேத்தியிடம் படகத்தில் பேசுகிறாள் என்றால் அதைத் தமிழ் எழுத்தில் அப்படியே தருவதா, தமிழாக்கி இடையில் சொல் கலப்பதா? இதை முதல் நாளுக்கு முன் முடிவு செய்யாவிட்டால் பத்தாம் நாள் ஒரு மாதிரி, இருபதாம் நாள் வேறு மாதிரி பேசுவாள். அந்தந்த வீட்டில் உண்மையில் புழங்கும் முப்பது சொல்லை, அந்த மொழி பேசுபவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். தோட்டத்துச் சொல்லும் சேரட்டும்: கவாத்து (செடியை வெட்டிவிடுவது), கொழுந்து, கங்காணி (ஆட்களை மேய்ப்பவர்).

நான்காம் வாரம்: கருவியும் கையும்

மூன்று நாள் ஒத்திகை பாருங்கள், நாவலை அல்ல, வேறு எதையாவது. உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை சொல் வருகிறது? நானூறு என்றால் நாளுக்கு இரண்டரை மணி நேரம் தேவை. அதை வீட்டில் இப்போதே சொல்லி வாங்குங்கள். குரல் தட்டச்சு வேகமாக ஓடும், ஆனால் பேச்சுவழக்கை அதுவாகத் திருத்திவிடும்; வர்ணனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்99 விசைப்பலகை பழகாதவர்கள் இந்த மாதம் பழக ஆரம்பிக்க வேண்டாம்.

குளிரில் போன், மடிக்கணினி பேட்டரி சீக்கிரம் இறங்கும். இரவில் கம்பளிக்குள் வையுங்கள். பால்பாயின்ட் மை இறுகும், ஈரத்தாளில் மைப்பேனா பரவும், எனவே நோட்டை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். 200 பக்க நோட்டு இரண்டு. தினமும் எழுதியதை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள்.

ஜன்னல் சாத்திய அறையில் கரி நெருப்பு வைத்துக்கொண்டு எழுதவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கம் வருவது போலவே ஆளை முடித்துவிடும். விரல் நுனி திறந்த கையுறை, மடியில் வெந்நீர்ப் பை போதும். ஜனவரி அதிகாலை 5 டிகிரிக்கும் கீழே போகும் நாட்களில் “விடியலில் எழுதுவேன்” என்ற தீர்மானம் நான்கு நாள்கூட நிற்காது. வெயில் ஏறிய பிறகோ இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதும் மாதத்தில்

திருத்தாதீர்கள். ஒற்றுப்பிழை கிடக்கட்டும். பெயர் மறந்தால் “தம்பி மனைவி” என்றே எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு நாளும் காட்சியின் நடுவில் நிறுத்தினால் மறுநாள் தொடங்குவது எளிது.

கடன் விழுந்தால் மறுநாளே அடைக்கப் பார்க்காதீர்கள். 12-ஆம் நாள் முடிவில் 8,000 தான் இருக்கிறது என்றால் மீதி 22,000, பதினெட்டு நாள். நாளுக்கு 1,222 வரும், முடியும். இந்தக் கணக்கு 1,500-ஐத் தாண்டினால் சொல்லைக் கூட்டாமல் அட்டைகளைக் குறையுங்கள். நடுவில் இரண்டு காட்சியை விட்டுவிட்டுக் கடைசிக் காட்சியை நோக்கிப் போங்கள். முடிவு வரை வந்த 22,000 சொல்லைக் கவாத்து வெட்டித் தளிர்க்க வைக்கலாம். அந்தரத்தில் நின்ற 28,000-ஐ என்ன செய்வது?

அந்த நான்கு கட்டத் தாளை இந்த மாதமும் தினம் நிரப்புங்கள், இரண்டு நிமிட வேலை. முப்பத்தொன்றாம் நாள் அதன் அடியில், எந்த அட்டையில் கை தயங்கியது என்று மட்டும் எழுதி, பிரதியோடு சேர்த்துக் கட்டி, ஏப்ரல் வரை தொடாமல் வையுங்கள்.